சுருங்கிப்போன எட்டுத் தாள்கள்

மனிதர்களை முகத்தை வைத்து எடைபோடக் கூடாது, சட்டைப்பையை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது மடிப்பக்காவின் கட்சி. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், ஆறடிக்கு எட்டடி இடத்தில், இருபத்தாறு வருடமாக இஸ்திரி போடுகிறவள் அப்படிச் சொன்னால் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஐந்தாம் மாடிப் பல் டாக்டரின் பையில் எப்போதும் மிட்டாய்க் காகிதம் இருக்கும். மூன்றாம் மாடி வக்கீலின் பையில் மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய லாட்டரிச் சீட்டு இருக்கும். இரண்டையும் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வாரத்துக்கு ஒரு முறையாவது துணியோடு சேர்ந்து துவைபட்ட பணத்தாள் ஒன்று அவள் கைக்கு வரும். வேறு ஆளாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். அவள் அந்த ஈரத்தாளை மேஜைமேல் பரப்பி, மேலே பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, இஸ்திரிப்பெட்டியை ஒரு இழுப்பு இழுப்பாள். தாள் அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்தது போல மொறுமொறுவென்று எழும். அதை ஊசி குத்திச் சட்டைக் காலரிலேயே வைத்து அனுப்பிவிடுவாள். கை அவ்வளவு சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சட்டையை அக்குளில் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆனாலும் அவள் போட்ட மடிப்பு மூன்று நாளைக்குக் கலையாது என்பதால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. மடிப்பக்கா என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அவளுக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயதில் கப்பலில் வேலைக்குப் போனாள். சரக்குக் கப்பல் இல்லை, ஊர் ஊராகச் சுற்றிக்காட்டும் உல்லாசக் கப்பல். பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பது வேலை. அவள் கிளம்பிய காலையில் மடிப்பக்காவின் கையில் பஸ் காசைத் தவிர வேறு இல்லை. ஆறு ஜோடித் துணியை மடித்துப் பெட்டியில் வைத்ததுதான் தாய்வீட்டுச் சீர். அதன் பிறகு நாலு வருடமாக மாதம் தவறாமல் மகளிடமிருந்து பணம் வந்தது. வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றது, புதிதாக நீராவிப் பெட்டி ஒன்று வந்தது, வீட்டுக்காரருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. பெற்றவள் பிள்ளைக்குச் செய்வது போய்ப் பிள்ளை பெற்றவளுக்குச் செய்துகொண்டிருந்தது. மடிப்பக்காவுக்கு அது பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. எதிரில் இருப்பவர்களிடம் பெருமையைச் சொல்வாள். கூச்சத்தை இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்திவிடுவாள்.

மகள் கடைசியாக ஊருக்கு வந்துபோய் ஒன்றரை வருடம் ஆன நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது. கப்பலில் வேலை செய்கிறவர்களின் பெற்றோருக்கு ஒரு முறை ஏறக்குறைய இலவசமாக ஓர் அறை கொடுப்பார்களாம். ஏழு நாள் பயணம். ஐந்தாம் நாள் ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கும். அன்றைக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை மகளுக்கு ஓய்வு.

வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார். அவர் சைக்கிளில் வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறவர். "எனக்கு வாளித் தண்ணியப் பாத்தாலே பயம். நீ போயிட்டு வா. கடல் எப்படி இருந்துச்சுன்னு சொல்லு, நான் கேட்டுக்குறேன்" என்றார்.

மடிப்பக்கா அந்த நாலு மணி நேரத்தைப் பற்றியே யோசித்தாள். வீட்டுச் செலவுக்குப் போக மிச்சம் பிடித்த காசு கொஞ்சம் இருந்தது. மகளுடையதல்ல, இவளே இஸ்திரி போட்டுச் சேர்த்தது. அந்த நாலு மணி நேரத்தில் மகளை ஒரு நல்ல கடைக்கு அழைத்துப்போய், நாள் முழுக்க நிற்கிற அந்தக் காலுக்கு நல்ல செருப்பாக ஒன்று வாங்கித்தர வேண்டும். அப்புறம் விரிப்புப் போட்ட மேஜை முன்னால் அவளை உட்கார வைத்து, வேறு யாராவது வந்து பரிமாற, அவள் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் காசு இவள் கையிலிருந்து போக வேண்டும். பெற்று வளர்த்த இருபத்தாறு வருடத்தில் மகளுக்காக இவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். ஆசை சின்னதுதான், ஆனால் அதற்குக் கிடைத்த நேரம் அதைவிடச் சின்னது.

"கப்பலுக்குள்ள காசே வேணாம்மா" என்று மகள் போனில் சொன்னாள். "ஒரு கார்டு குடுப்பாங்க, அதுதான் ரூம் சாவி, அதேதான் காசு. எறங்குற ஊருக்கு மட்டும் அந்த ஊர்ப் பணம் கொஞ்சம் மாத்திக்கிட்டு வா. கப்பல்ல மாத்தாத, பாதிய முழுங்கிடுவாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காத."

"அடுத்தவங்க காசப் பத்திரமா பாத்துக்கிட்டவடி நான். என் காசப் பாத்துக்க எனக்கா சொல்லித் தர்ற?" என்றாள் மடிப்பக்கா. வாயைக் கொடுத்தது அங்கேதான்.

மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கிற கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. அங்கே இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பத்துத் தாள்களை எண்ணி ஜன்னல் வழியே தள்ளினார். இரண்டு சின்ன மதிப்புள்ளவை, புத்தம் புதியவை. எட்டு பழையவை, யாரோ நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருந்தவை.

"இங்கேயே எண்ணிப் பாத்துடுங்க. ரசீதத் தனியா வைங்க. துறைமுகத்து வாசல்ல நின்னுக்கிட்டு மாத்தித் தர்றேன்னு கூப்பிடுறவன்கிட்ட மட்டும் போயிடாதீங்க" என்றார். பிறகு பெரிய மனதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். "அந்த ஊர்க் கடைக்காரங்க கொஞ்சம் ஒரு மாதிரி. கசங்குன தாள நீட்டினா மூஞ்சியச் சுளிப்பாங்க. நேரா வச்சுக்குங்க."

கசங்கலைப் பற்றி யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பாவம், அவர் மேல் குற்றமில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மடிப்பக்கா அந்த எட்டுத் தாள்களையும் மேஜையில் நாலு நாலாக இரண்டு வரிசை பரப்பினாள். தாள்கள் வழுவழுவென்று இருந்தன. ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கட்டம். நடுவில் நீல நிறத்தில் ஒரு பறவை சிறகை விரித்திருந்தது. பணக்கார நாடு, பணத்தைக்கூடப் பளபளவென்று அடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். எந்தத் துணியையும் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து அதற்கு எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுகிறவள் அவள். பட்டை மிரட்டமாட்டாள், நைலானைக் கெஞ்சித்தான் மடிப்பாள். ஆனால் பணத்தை அவள் ஒருநாளும் துணியாக நினைத்ததில்லை. பணம் என்றால் காகிதம், காகிதம் என்றால் பருத்திச் சூடு. மேலே துணியைப் போட்டாள், பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் ஆனை தன் வீட்டுத் தரையிலேயே சறுக்கி விழுந்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

சீப்பு கருகுகிற வாசனை வந்தது. துணியைத் தூக்கினாள். எட்டுத் தாள்களும் பஸ் டிக்கெட் அளவுக்குச் சுருங்கி, ஓரம் சுருண்டு கிடந்தன. விரித்த சிறகை மடக்கிக்கொண்டு பறவை முட்டைக்குள்ளேயே திரும்பப் போய்விட்டிருந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சின்னப் புள்ளையா இருக்கு, அவ்வளவுதான். வளரும்" என்றார். அவள் பார்த்த பார்வையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கண்ணாடிக் கூண்டுக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். "அம்மா, இது பிளாஸ்டிக் தாள். தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது. நெருப்புக்குத்தான் ஆகாது" என்றார். "நான் இத எடுக்க முடியாது. ஆனா நம்பர் நல்லாத் தெரியுது. அந்த நாட்டுல பெரிய பேங்க் எதுக்காவது போனா மாத்திக் குடுப்பாங்க. வரிசையில நிக்கணும், நேரம் ஆகும்."

மகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் கப்பல் ஏறினாள்.

கப்பலில் அவளுக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி இருந்தது. காலையில் கண்விழித்தால் வட்டமான ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் மேற்கூரையில் அசைந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். தரை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முதல் இரண்டு நாள் கடலே தெரியவில்லை, பனிமூட்டம் மட்டும்தான். மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. போர்வைக்குள் முகம் மட்டும் தெரிய மனிதர்கள் அவற்றில் படுத்திருந்தார்கள். எங்கிருந்தோ பியானோ கேட்கும், தேடிப்போனால் நின்றுவிடும். இது எந்தக் கிழமை என்று அவளுக்கு மறந்துபோனது. வேலை இல்லாத வலது கை மட்டும் படுக்கை விரிப்பின்மேல் தானாக முன்னும் பின்னும் போய்வந்தது.

மகளைப் பார்ப்பதும் கனவில் பார்ப்பது போலவே இருந்தது. நீளமான நடைவழி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், காலடியை விழுங்கிவிடுகிற கம்பளம். தூரத்தில் ஒரு கதவு திறக்கும், துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு மகள் வெளியே வருவாள், சிரிப்பாள், அடுத்த கதவுக்குள் போய்விடுவாள். பயணிகளோடு நின்று பேசக் கூடாது என்பது விதி, பெற்ற தாயும் பயணிதான். நடைவழியில் பேசக் கிடைத்தது ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்.

"சாப்ட்டியாடி?"

"சாப்ட்டேன்மா."

"தூங்குனியா?"

"தூங்குனேன்மா." அதைச் சொல்லும்போதே அவள் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்திருந்தாள். அவளுடைய செருப்புகளின் குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. அஞ்சாம் நாள் வரட்டும் என்று மடிப்பக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மகள் வருவதற்குள் தன் அறையின் படுக்கையை அவளே விரித்து, துண்டுகளை மடித்து வைத்துவிடுவாள். ஓர் அறை குறைந்தால் பத்து நிமிடம் குறையுமே என்ற கணக்கு. மகள் வந்து பார்த்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் அந்தப் பத்து நிமிடமும் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருந்தாள். நல்ல தாள் இரண்டும் அலமாரிக்குள் இருந்த எண் பூட்டுப் பெட்டியில். சுருங்கிய எட்டும் சோப்பு டப்பாவில், அந்த டப்பா இடுப்புப் பையில். ரசீது மூக்குக்கண்ணாடிக் கூட்டில். இப்படி வைப்பது திருடனுக்குச் சிரமம் என்று மகள் சொன்னாள். வைத்தவளுக்கு எவ்வளவு சிரமம் என்பதைச் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் மூன்று இடத்துக்கும் ரோந்து போய்வந்தாள்.

ஐந்தாம் நாள் பனி விலகியது. மலைச்சரிவில் ஓர் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முதலில் கூரைகள், அப்புறம் ஜன்னல்கள், கடைசியில் மனிதர்கள். பன்னிரண்டு மணிக்கு மகள் சீருடை இல்லாமல் ஒரு நீலச் சட்டையில் இறங்கி வந்தாள். அந்தச் சட்டையை இவள்தான் நாலு வருடத்துக்கு முன்னால் மடித்துக் கொடுத்தாள். இப்போது தோளில் தொளதொளவென்று நின்றது.

துறைமுக வாசலைத் தாண்டியதும் ஒருவன் கிட்டே வந்து விரல்களைத் தேய்த்துக் காட்டினான். கையில் நோட்டுக்கட்டு, முகத்தில் நாலு தலைமுறைப் பழக்கம். மடிப்பக்கா இடுப்புப் பையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, தன் மொழியிலேயே, "உன்னப் பத்தி எனக்கு ஏற்கெனவே சொல்லிட்டாங்க, போப்பா" என்றாள். மொழி புரியாவிட்டாலும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இந்த ஊர்ல பெரிய பேங்க் எங்கடி இருக்கு?" என்று மகளிடம் கேட்டாள்.

"பேங்க் எதுக்கு? காசு கம்மியா இருந்தா நான் எடுக்குறேன்மா, கார்டு இருக்கு."

"இன்னைக்கு உன் காசு செல்லாது."

மகள் புரியாமல் பார்த்தாள். வேறு வழியில்லை. நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்று மடிப்பக்கா சோப்பு டப்பாவைத் திறந்து காட்டினாள். மகள் ஒரு தாளை எடுத்தாள், திருப்பினாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இஸ்திரி போட்டியா?" என்றாள். அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடிப்பக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மகள் சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு என்று தெரிந்ததும் அவளும் சிரித்தாள்.

"விடும்மா. என்கிட்ட இருக்கு. வா, சாப்பிடலாம்."

"ஒரு வருஷம் சேத்த காசுடி. உனக்குச் செருப்பு வாங்கணும். உன்ன உக்கார வச்சுச் சோறு போடணும். என் காசுல. மிச்சம் இருக்குற ரெண்டு தாளுக்கு டீயும் பஸ்ஸும்தான் வரும்" என்றாள் மடிப்பக்கா. "நீ கப்பலுக்குக் கெளம்புன அன்னைக்கு உன் கையில ஒரு காசு வைக்க முடியல. அது எனக்கு இன்னும் அப்படியே இருக்கு."

மகள் தாளை டப்பாவில் வைத்து மூடி, அம்மாவின் கையைப் பிடித்து மேட்டுத்தெருவில் ஏறினாள்.

வங்கி உயரமான கூரையோடு குளிர்ச்சியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. மகள் அந்த ஊர் மொழியில் விசாரித்தாள். மாற்றித் தருவார்கள், ஆனால் ஒரே ஒரு கவுன்டர்தான். இயந்திரம் துப்பிய சீட்டில் எண்பத்து நாலு என்று இருந்தது. சுவர்த் திரையில் ஐம்பத்தேழு ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய ஜன்னலுக்குக் கீழே ஒரு சோபா இருந்தது. உட்கார்ந்ததும் உள்ளே இழுத்துக்கொள்கிற வகை. வெயில் கண்ணாடி வழியே வந்து அவர்கள் மடியில் விழுந்தது. எங்கோ ஓர் இயந்திரம் சரசரவென்று தாள்களை எண்ணிக்கொண்டிருந்தது. அது மழை பெய்கிற சத்தம் போல இருந்தது.

"ரெண்டே நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்மா. நம்பர் வந்தா எழுப்பு" என்றாள் மகள். சொல்லி முடிப்பதற்குள் தலை அம்மாவின் தோளில் விழுந்தது.

அது தூக்கமா மயக்கமா என்று மடிப்பக்கா பயந்துவிட்டாள். மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சூடாக, சீராக வந்தது. மடியில் கிடந்த மகளின் கையை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். சுத்தம் செய்கிற மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாலு வருடமாக வந்த பணத்தை இவள் எண்ணியிருக்கிறாள், தூக்கத்தை எண்ணவில்லை. அழலாமா என்று நினைத்தாள், அழுதால் தோள் குலுங்கும் என்று விட்டுவிட்டாள்.

எழுபது வந்தது. எழுபத்தைந்து வந்தது. செருப்புக் கடைக்கு எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்த கணக்கு தானாக மங்கியது. தோள் மரத்துப்போனது. ஜன்னலுக்கு வெளியே, கூரைகளுக்கு அப்பால், கப்பல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. அது மெல்ல நகர்கிறதா, இல்லை இந்த ஊர்தான் நகர்கிறதா என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

எண்பத்து நாலு வந்தது. மணி அடித்தது. கவுன்டரில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மகள் தூக்கத்தில் ஒரு முறை முகத்தைச் சுளித்து, இன்னும் கொஞ்சம் உள்ளே ஒண்டிக்கொண்டாள். மடிப்பக்கா அசையவில்லை. திரையில் எண்பத்து நாலு இரண்டு முறை மின்னியது, அப்புறம் எண்பத்தைந்து ஆனது. ஒரு பெரியவர் எழுந்து போனார்.

காவலாளி கிட்டே வந்து சீட்டைப் பார்த்தார், திரையைச் சுட்டிக்காட்டினார். மடிப்பக்கா உதட்டில் விரலை வைத்தாள். அவர் தூங்குகிறவளைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போய், வாசல் கதவு சத்தம் போடாமல் இருக்கக் காலால் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார்.

மகள் கண்விழித்தபோது கடிகாரத்தில் மணி மூன்று. வெயில் மடியிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிருந்தது. "ஐயோ, எவ்வளவு நேரம்மா தூங்குனேன்? ஏன் எழுப்பல?"

"இன்னும் நம்ம நம்பர் வரலடி" என்றாள் மடிப்பக்கா.

மகள் திரையைப் பார்த்தாள். நூற்றுப் பதினேழு என்று இருந்தது. அம்மாவின் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். கசங்காமல், எண் மேலே தெரிய, அது எண்பத்து நாலாகவே இருந்தது. அம்மா நேராக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலுக்குத் திரும்பக் கால் மணி நேரம் நடந்தால் போதும்.

"இன்னும் வரலையா?" என்றாள் மகள். "அப்ப சரி." மறுபடியும் அந்தத் தோளிலேயே தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.